நாற்பது குழியும் ஒரு ரோலரும்

துரைக்கண்ணு அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் படப்பை பஸ் நிறுத்தத்துச் சலூனில், வலது கன்னம் வழித்து முடித்து, இடது கன்னம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் கம்பெனி ஃபிட்டர் அந்தோணி சைக்கிளில் வந்து, இறங்காமலேயே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னான்: "ரோலர்காரரு பூட்டாருண்ணே. காத்தால டூட்டில நெஞ்சு வலின்னு உக்காந்தவரு, எய்ந்திரிக்கவே இல்ல." நான் துண்டை உதறிவிட்டு அவன் சைக்கிளில் பின்னால் ஏறிவிட்டேன். கடைக்காரர் கத்தியும் கையுமாக வாசல்வரை ஓடிவந்து என்னவோ கத்தினார். என்ன சொன்னார் என்பது சாவு வீட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது.

காய்ந்த நுரையும் நாலு நாள் நரைத் தாடியும் ஒரு பக்கம் மட்டும் நிற்க, நான் போய்க் கும்பிட்டு நின்றேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக என்னைப் பார்த்து அழுகையை நிறுத்தினார்கள். அண்ணனின் மனைவி சரோஜா தலை நிமிர்ந்தாள். "இன்னாண்ணா, பாதி மூஞ்சோட வந்துக்கீறே! இத்தப் பாக்க அவருக்குக் குடுத்து வெக்கலியே" என்று சொல்லிவிட்டு, முன்பைவிடப் பெரிதாக அழுதாள்.

அவர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். என்னைப் பார்த்துச் சிரிக்க அவருக்கு என்றுமே காரணம் தேட வேண்டியிருந்ததில்லை.

நம் ஊர் விளையாட்டு மன்றத்துப் பையன்கள் தங்கள் மலரில் போட அவரைப் பற்றி எழுதித்தரச் சொல்லி வந்தார்கள். "நீங்கதான் மனு எழுதுற ஆளு, நீங்கதான் எழுதணும்" என்றார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அது என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்ட கதை அவர்களுக்குத் தெரியாது. நான் எழுதிய ஒரு மனுவால் இந்த ஊரும் அண்ணனும் பட்ட பாடும் அவர்களுக்கு முழுசாகத் தெரியாது. அப்போது அவர்கள் இடுப்பில் இருந்தார்கள், அல்லது பிறக்கவே இல்லை. தெரிந்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். நான் எங்கேயாவது கதை விட்டால் திருத்திக்கொள்ளுங்கள்.

துரைக்கண்ணு அண்ணன் ரோடு போடும் இலாகாவில் ரோலர் ஓட்டினார். எட்டு டன் டீசல் வண்டி. முன்னால் ஒரு பெரிய உருளை, பின்னால் இரண்டு. அதன் பக்கத்தில் நடந்து போகிறவர்கள் அதை முந்திக்கொண்டு போவார்கள். ஒரு நாள் நான் கம்பெனிக்கு நேரமாகிவிட்ட ஆத்திரத்தில், "அண்ணாத்தே, இந்த வேகத்துல நீ என்னிக்கி ஊரு போய்ச் சேர்றது?" என்று கேட்டேன். அவர் திரும்பாமலேயே சொன்னார்: "முன்னாடி பாக்காதே வாத்தியாரே. பின்னாடி பாரு. ரோடு கீதா? அப்போ வேகமாத்தான் வந்துக்கினு கீறேன்."

மனு எழுதுவதால் அவர் என்னை வாத்தியார் என்பார். அதில் மரியாதை எத்தனை பங்கு, கிண்டல் எத்தனை பங்கு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

வல்லக்கோட்டைக்கு இந்தப் பக்கம் நம் ஊர் வழியாகப் போகிற ரோட்டை அவர்தான் அமுக்கினார். மறைமலை நகரில் அப்போதுதான் மனை பிரித்துக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஜல்லியும் செங்கல்லும் ஏற்றிய லாரிகளெல்லாம் நம் ரோட்டில்தான் போயின. நம் பிள்ளைகளுக்கு விளையாட வேறு இடமும் கிடையாது. ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கழனி, நடுவில் ரோடு. லாரிச் சத்தம் கேட்டால் சிதறி ஓடுவார்கள், போனதும் திரும்ப வந்து கூடுவார்கள்.

என் மகள் கலாவுக்கு அப்போது ஏழு வயது. ஒரு நாள் சாயங்காலம் எல்லாரும் ஓடினார்கள், அவள் ஓடவில்லை. பாண்டிக் கோட்டுக்குள் போட்ட சில்லை எடுக்கத் திரும்பினாளாம். லாரியின் பின் சக்கரம் இடது காலை நசுக்கிவிட்டுப் போய்விட்டது. கொஞ்ச தூரத்தில் வேலை செய்துகொண்டிருந்த அண்ணன்தான் ரோலரிலிருந்து குதித்து ஓடிவந்து, அவளைத் தூக்கிக்கொண்டு பெரும்புதூர் பஸ்ஸை மறித்தார். உயிர் தப்பியது. கால் தப்பவில்லை. இன்றும் சாய்ந்துதான் நடக்கிறாள்.

ரோட்டோரத்தில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு புறம்போக்கு இடம் கிடந்தது. அதைப் பிள்ளைகளுக்காக வாங்கிவிட வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. பஞ்சாயத்துத் தலைவர் ஏகாம்பரம் மாமா என்னை மனு எழுதச் சொன்னார். அதே இடத்தை ஜல்லிக் கிடங்குக்குக் கேட்டுக் கான்ட்ராக்டர் தணிகாசலமும் மனு போட்டிருந்தார். அவருக்குக் கிடைத்துவிட்டால் இன்னும் நாற்பது லாரி வந்து நம் வாசலிலேயே திரும்பும். ஆகவே நான் சுருக்கமாகவும் உறைக்கும்படியும் எழுத வேண்டும் என்று மூன்று நாள் யோசித்து எழுதினேன். அந்த வாசகம் எனக்கு இன்றும் மனப்பாடம்.

"எங்கள் ஊர் ஏரிக்கரைப் புறம்போக்கில் நாற்பது குழி இருக்கிறது. அதை எங்கள் பிள்ளைகளுக்குத் தந்து அவர்களைக் காப்பாற்ற வேண்டும்."

நம் பக்கத்தில் குழி என்றால் நில அளவு. நூறு குழி ஒரு காணி. பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மனு போன தாலுகா ஆபீசுக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி தெற்கே எங்கேயோ இருந்து வந்தவர். ஏக்கரிலும் சென்டிலும் படித்தவர். "நாற்பது குழி நிலம்" என்று எழுதியிருந்தால் வம்பே இல்லை. நிலம் என்ற சொல் இல்லாமலேயே அழகாக இருக்கிறதே என்று நான்தான் அடித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ஏகாம்பரம் மாமா என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சுற்றிலும் கூட்டம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்: "மனுதாரர்கள் தெரிவித்துள்ள நாற்பது குழிகளும் மூடிச் சமன் செய்யப்பட்டுள்ளனவா என்பதை வருகிற திங்கட்கிழமை காலை நேரில் பார்வையிட்ட பின்னரே முடிவு செய்யப்படும். இடம் சிறுவர்களுக்கு ஆபத்தானது எனத் தெரியவந்தால், மற்றொரு மனுதாரரின் கிடங்குக் கோரிக்கை ஏற்கப்படும்."

பச்சையம்மா அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தாள். என் பெரியப்பா மகனின் பெண்சாதி, அவள் வாய்க்கு ஊரே பயப்படும். "கொழுந்தனாரே, புள்ளிங்கள குழில தள்ளிக் காப்பாத்தச் சொல்லி எழுதிக்கீறியா நீ? நல்லா படிச்சே போ!"

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. அந்த இடத்தில் உண்மையாகவே குழிகள் இருந்தன. செம்மண் எடுக்க வந்த வண்டிகள் தோண்டியது. இடுப்பளவு ஆழத்தில் பதினொன்று. நாற்பதில்லை. குழி என்பது அளவு என்று இப்போது திருப்பி எழுதினால் கடிதம் போய்ச் சேருவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். அதிகாரி வந்து நிற்கிறபோது பதினொன்றை மூடிக் காட்டினால், மீதி இருபத்தொன்பது எங்கே என்பார். பொய் மனு என்று தணிகாசலம் பக்கத்திலேயே நின்று எடுத்துக் கொடுப்பார். "அப்போ இன்னும் இருபத்தொம்போது தோண்டி மூடிடலாமா?" என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். கேட்டவர் பெயரை எழுதவில்லை. இந்த மலரை அவரும் படிப்பார்.

கூட்டத்துக்குப் பின்னால் பீடி பிடித்துக்கொண்டிருந்த துரைக்கண்ணு அண்ணன் சொன்னார்: "குழி இருந்த தடமே இல்லாம அமுக்கிட்டா எண்றதுக்கு எவன் வருவான்? நாப்பதுன்னாலும் நாப்பது, நானூறுன்னாலும் நானூறு."

பொதுவாகச் சொன்னார். ரோலரைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை முழுக்க ஊர் மண் சுமந்தது. ஏரிக்கு மாட்டுவண்டிகள் போய்ச் சவுடு மண்ணோடு வந்தன. குழிக்கு இரண்டு குடும்பம் என்று பிரித்துக்கொண்டோம். அண்ணன் ஒவ்வொரு குழியாகப் போய் வேலை சொன்னார்: "அரை அடிக்கு மண்ணு, அப்புறம் தண்ணி, அப்புறம் மெறி. மறுபடி அரை அடி. குதிகால வெச்சி அழுத்திப் பாரு. பதிஞ்சா இன்னும் மெறி. அவசரப்பட்டியானா மண்ணு ஒன்ன நாளைக்கி ஏமாத்தும்."

அன்று மத்தியானம் நானும் ஏகாம்பரம் மாமாவும் அவரைத் தனியே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மாமா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போனார். கேட்டவன் நான்தான்.

"அண்ணாத்தே, மண்ணு கொட்டிட்டோம். வண்டி ஏறாம அது சமமாவாது. நாளிக்கி ஞாயித்துக்கெழம. ஒரே ஒரு காலைல."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "ஒனக்குத் தெரியும் இல்ல? நாலு வருஷமா தினக்கூலி நானு. இந்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட்டுல பேரு வருதுன்னு சொல்லிக்கினு கீறாங்கோ. கேக்காம வண்டிய நவுத்துனா சீட்டு கிழிஞ்சிடும் வாத்தியாரே."

"ஞாயித்துக்கெழம எவன் வரப் போறான்? எதுனா ஆச்சுன்னா நான் பாத்துக்கறேன். நான் இருக்கேன் இல்ல?"

அவர் என்னை நம்பி ஒப்புக்கொண்டார் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னது வேறு. "இந்த ரோடு குண்டும் குழியுமா இருந்தப்போ எந்தப் புள்ளைக்கும் காலு போவல. நான் வயவயன்னு போட்டுக் குடுத்தேன். லாரிக்காரன் வயவயன்னு வரான். ஒம் பொண்ணத் தூக்கிக்கினு ஓடுனப்போ இதேதான் நெஞ்சுல ஓடிச்சு." எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "காத்தால ஆறு மணிக்கு எடுக்கறேன். பத்து மணிக்கு வண்டி அதும் எடத்துல நிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அந்த வண்டி ஊருக்குள் வந்ததை என்னால் மறக்க முடியாது. அது நின்றிருந்த இடத்திலிருந்து நம் ஏரிக்கரை ஒரு மைல்கூட இல்லை. அந்த ஒரு மைலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஜீப்பில் வந்துவிடுவார்களோ என்று நான் முன்னால் ஓடி ஓடிப் பார்த்தேன். திருடிக்கொண்டு போகிற பொருள் மெதுவாகப் போனால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எட்டு டன், தடதடவென்று அரை ஊருக்குக் கேட்கிற சத்தம், கரும்புகை. அண்ணன் மட்டும் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

எட்டு மணிக்குள் பாதி இடம் தரையாகிவிட்டது. ஏரியிலிருந்து பச்சையம்மா அண்ணி தலைமையில் பெண்கள் வரிசையாக நின்று குடம் கைமாற்றித் தண்ணீர் தெளித்தார்கள். "ஊத்துங்கடி, ஊத்துங்கடி, நாளிக்கி வர்ற ஆபீசருக்குக் குளிக்கவா ஊத்தறீங்கோ, சீக்கிரம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் ரோலர் சத்தமே அடங்கியது. ஒன்பது மணிக்குப் பத்தாவது குழியும் மறைந்தது. பாக்கி ஒன்று.

அது என் குழி.

முந்தின நாள் எல்லாருக்கும் முன்னால் மூடி முடித்தவன் நான். கை தட்டிக்கொண்டு மற்றவர்களை வேடிக்கை பார்த்தவனும் நான். எப்படி அவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்பது எனக்கும் என் மச்சானுக்கும் மட்டும் தெரியும். அடியில் பனை ஓலை, தேங்காய் மட்டை, கொஞ்சம் முள். மேலே ஒரு அடி மண். மிதித்துப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருந்தது. மிதித்தவன் ஐம்பத்தைந்து கிலோ.

ரோலரின் முன் உருளை அதன்மேல் ஏறியதும் முதலில் ஓலை முறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் வண்டியின் மூக்கு மெல்லக் கீழே போயிற்று. சாமி கும்பிட யானை முட்டி போடுவதுபோல். பின் சக்கரம் ஒன்று தரையைவிட்டுக் கிளம்பி நின்றது.

அண்ணன் என்ஜினை நிறுத்தினார். அந்த அமைதியில் ஏரியில் கொக்கு கத்துவது கேட்டது. அவர் இறங்கிக் குனிந்து, மண்ணைப் பிளந்து எட்டிப் பார்த்த ஒரு தேங்காய் மட்டையை இழுத்து எடுத்தார்.

"எவன்டா இத மூடுனது?"

"வேற யாரு? நம்ப வாத்தியாருதான்!" என்றாள் பச்சையம்மா அண்ணி. "குழி எழுதத்தான் தெரியலன்னா, மூடவும் தெரியல!"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு, "மம்முட்டி எடுத்துக்கினு வாங்கடா. முன்னாடி சரிவு வெட்டணும்" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பத்து மணி போயிற்று. பன்னிரண்டு போயிற்று. உருளைக்கு முன்னால் சரிவு வெட்டிக் கருங்கல் போட்டோம். வண்டி ஏறப் பார்த்துச் சறுக்கி, இன்னும் ஒரு சாண் இறங்கியது. பம்ப் செட் வந்த பிறகு பரணில் கிடந்த, மாடு கட்டிக் கிணறு இறைத்த கவலை வடங்கள் வீடு வீடாக இறங்கி வந்தன. இரண்டு மணிக்குக் காலை ஷிப்ட் விட்டு வந்த அந்தோணியும் இருபது பேரும் சோற்றுக் கூடையை அப்படியே கரையில் வைத்துவிட்டு வடத்தைப் பிடித்தார்கள். பனைமரத்தைப் பிளந்து அடியில் கொடுத்தோம். "எல்லாரும் ஒண்ணா மூச்ச இழுங்க. மூச்ச வுடறப்போ இழுங்க" என்று அண்ணன் மேலே இருந்து கத்தினார். மூன்று தடவை இழுத்தோம். நாலாவது தடவை ஒரு வடம் அறுந்து முன்னால் நின்ற பத்துப் பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். அடியில் விழுந்தவன் நான். நியாயம்தான்.

மூன்றரை மணிக்கு வண்டி மேலே வந்தது. ஊர் ஆரவாரம் செய்தது. அண்ணன் ஆரவாரத்தைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார். "இப்பவே கெளம்பிடு அண்ணாத்தே. குழிய நாங்க பாத்துக்கறோம்" என்றேன். "ஒரு குழி வுட்டுட்டுப் போனா நாளிக்கி வர்றவன் கண்ணு அதுலதான் நிக்கும்" என்றார். என் குழியை முழுக்கத் தோண்டி, ஓலையை அள்ளி எறிந்து, அரை அடி அரை அடியாக மண் போட்டுத் தண்ணீர் ஊற்றி மிதித்தோம். அந்த ஒன்றரை மணி நேரம் நான் மிதித்த மிதியில் என் வாழ்நாள் சோம்பல் எல்லாம் போயிருக்க வேண்டும். போகவில்லை என்பது என் மனைவி சொல்லும் செய்தி.

கடைசிச் சுற்றுக்கு அவர் வண்டியைத் திருப்பும்போது ஜீப் வந்தது.

அவருடைய இலாகா இஞ்சினியர். சின்ன வயசுக்காரர், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் இருந்தார். பின்னாலேயே புல்லட்டில் தணிகாசலம். யார் போய்ச் சொன்னது என்று கேட்க வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று.

இஞ்சினியர் இடத்தைச் சுற்றிப் பார்த்தார். சேறு பூசிய நூறு பேர். "யாரைக் கேட்டு வண்டியை எடுத்தே?"

அண்ணன் கீழே இறங்கி நின்றார். "யாரையும் கேக்கல சார்."

"நீயா எடுத்திருக்க மாட்டே. இந்த ஊர்ல எவனோ கூப்பிட்டிருக்கான். கூப்பிட்டவன் யாருன்னு சொல்லு, அவன் மேல கம்ப்ளைன்ட் எழுதிக்கிறேன். உன்னை விட்டுடறேன்." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்க. யாருய்யா கூப்பிட்டது?" என்றார்.

நான் அவருக்கு நாலடி தூரத்தில் நின்றேன். அப்போது கம்பெனியில் எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு போலீஸ் கேஸ் வந்தால் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒன்றுக்குக் காலில் மாவுக்கட்டு. இதையெல்லாம் அந்த நேரத்தில் வரிசையாக நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். காலடியில் ஈர மண் சில்லென்றிருந்தது, அது மட்டும்தான் தெரிந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் இருக்கும். அப்புறம் இஞ்சினியர் பக்கம் திரும்பினார்.

"யாரும் கூப்புடல சார். டீசல் அளவு பாக்கலாம்னு ஒரு ரவுண்டு எடுத்தேன்."

"டீசல் அளவு பாக்க ஒரு மைல் வருவியா?"

"கொஞ்சம் ஜாஸ்தி வந்துட்டேன் சார்."

பின்னால் யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள். இஞ்சினியர் முகத்திலும் ஏதோ ஒன்று வந்து போயிற்று. தணிகாசலம் புல்லட்டில் இருந்தபடியே இருமினார். இஞ்சினியர் முகம் மறுபடி இறுகியது. "நாளைக்கு ஆபீசுக்கு வா" என்றார்.

"வரேன் சார். ஒரு சுத்து பாக்கி கீது. அத்த முடிச்சிட்டு வண்டியக் கொண்டாந்து வுட்டுடறேன்."

இஞ்சினியர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணன் வண்டியில் ஏறி அந்தக் கடைசிச் சுற்றை ஓட்டினார். என் குழி இருந்த இடத்தின்மேல் இரண்டு தரம் போய் வந்தார். அதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. பிறகு ஜீப்புக்குப் பின்னால், அதே நடை வேகத்தில், ரோட்டில் போனார். ஜீப்பும் அவருக்காக மெதுவாகத்தான் போக வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை அதிகாரி வந்தார். நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். "நாற்பதையுமா மூடிட்டீங்க?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். ஏகாம்பரம் மாமா, "நாப்பதும்தாங்க. வேணும்னா தோண்டிப் பாருங்க" என்றார். அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அதே நேரத்தில் இலாகா ஆபீஸ் வாசலில் துரைக்கண்ணு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அந்த மாதப் பர்மனென்ட் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. அடுத்த மாதத் தினக்கூலிப் பட்டியலிலும் வரவில்லை.

நம் விளையாட்டுத் திடலுக்கு நாற்பது குழி என்று பெயர் நின்றுவிட்டது. அந்தோணியும் நண்பர்களும் பழைய இரும்புக் குழாயில் ஊஞ்சல் செய்து நட்டார்கள். டிரம் தகட்டை நிமிர்த்திச் சறுக்குமரம் வைத்தார்கள். கால் கட்டு அவிழ்ந்த பிறகு என் கலா அங்கே பாண்டி ஆடினாள். பாண்டிக்கு ஒற்றைக் கால்தானே வேண்டும். நல்ல காலில் நொண்டியடித்து எல்லாரையும் ஜெயித்தாள். அண்ணன் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு எதிரா ஆடுறவங்கதான் பாவம், அவங்களுக்கு ரெண்டு காலு கீது" என்றார்.

அப்புறம் அவர் டிராக்டர் ஓட்டினார், செங்கல் சூளையில் இருந்தார், கடைசி மூன்று வருஷம் புதுக் கம்பெனி ஒன்றின் வாசலில் காவலுக்கு நின்றார். ஒரு நாளும் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறையாகச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கேட்டார்: "ஏன் வாத்தியாரே, அன்னிக்கி ஜீப்பு வந்து நின்னப்போ ஒன் தொண்டைல இன்னா அடைச்சிக்கினு இருந்துச்சி?"

நான், "தேங்கா மட்டதான் அண்ணாத்தே" என்றேன். அவர் பஸ் நிறுத்தமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.

போன வாரம் நாற்பது குழியில் அவருக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். அரை மணி நேரம் பேசினேன். மனுவைப் பற்றிப் பேசினேன், மட்டையைப் பற்றிப் பேசினேன், அறுந்த வடத்தைப் பற்றிப் பேசினேன். சரோஜாகூடச் சிரித்தாள். ஜீப் வந்த இடத்தில் தண்ணீர் குடித்துவிட்டு, திங்கட்கிழமைக்குப் போய்விட்டேன்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவர் என்னைப் பார்த்த அந்த ஒரு மூச்சு நேரம்தான் இருக்கிறது. அவர் எனக்காக விட்டுவைத்த இடம் அது. நாலடி தூரத்தில் நின்றவனுக்கு மூன்றே சொல் போதுமாக இருந்தது:

நான்தான் சார் கூப்பிட்டேன்.